இத்தாவில் எடுத்த படம்

"அந்தத் துணிய போய் எடுத்துட்டு வா. இப்பவே போ."

ஆஸியா இதைச் சொன்னபோது அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. கையில் கரண்டி. குரலில் இருந்த சூடு அடுப்பிலிருந்து வந்ததல்ல. அவளுடைய மூத்த மகள் நுஸ்லா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, கல்லூரி விழாவில் பேச வேண்டிய பேச்சை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். 'சமூக சேவை எனக்குக் கற்றுத் தந்தது' என்பது தலைப்பு. முதல் பந்தியைத் தாண்டவே முடியாமல் காலையிலிருந்து தடுமாறிக்கொண்டிருந்தாள்.

"எந்தத் துணி உம்மா?"

"தங்கச்சி ஸஹ்ராட யூனிபோம் துணிதான். ஹவ்வாட்ட தைக்கக் குடுத்தது. தைக்கத் தேவில்லண்டு செல்லிட்டு வாங்கிட்டு வா."

"ஏன்?" என்றாள் நுஸ்லா. கேட்கும்போதே காரணம் அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஆஸியா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தன் போனை மகளின் பேச்சுத் தாள்மேல் வைத்தாள். திரையில் ஒரு படம். வெள்ளை உடுத்த இளம்பெண் ஒருத்தி வாசற்படியில் நிற்கிறாள். உலர் உணவுப் பொதி ஒன்றை நெஞ்சோடு அணைத்திருக்கிறாள். அவளுக்கு இரண்டு பக்கமும் கல்லூரி டீசேர்ட் போட்ட இளைஞர்கள் நின்று பேனர் பிடித்திருக்கிறார்கள். 'அல்ஹாஜ் அப்துல் ஸமத் அவர்களின் அன்பளிப்பு' என்று பேனரில் கொட்டை எழுத்து. பெண்ணின் முக்காடு ஒரு பக்கம் நழுவி, முகம் முழுவதும் தெரிகிறது. கண் கலங்கியிருக்கிறது. படத்தின் கீழே சிவப்பு இதயங்கள் குவிந்து கிடந்தன.

"இத்தாவுல ஈக்கிற பொம்புள, ரெண்டு ஆம்புளைகளுக்கு நடுவுல நிண்டு போட்டோ எடுத்தீக்கிறா. வெக்கமில்லையா? நாச்சியா மாமி காலைலயே அவங்கட பேரப்புள்ளைகள்ட துணிய வாங்கிட்டாங்க. மத்தவங்களும் வாங்கிட்டாங்க. நாங்க மட்டும் விட்டு வச்சா என்னாண்டு நெனப்பாங்க?"

கணவன் மவுத்தானால், அதாவது இறந்தால், மனைவி நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருப்பது இத்தா. அலுவிகாரையில் இவர்கள் தெருவில் அதற்கு வெள்ளை உடுப்பார்கள், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருப்பார்கள். படத்தில் நிற்கும் ஹவ்வாவின் கணவன் றிஸ்வான் மாத்தளைக்கும் அலுவிகாரைக்கும் இடையில் ஆட்டோ ஓட்டியவன். ஒரு நாள் மத்தியானம் நெஞ்சு வலிக்குது என்று படுத்தவன் எழும்பவில்லை. ஹவ்வாவின் இத்தா இன்னும் பாதிகூட முடிந்திருக்கவில்லை.

"அவங்களா எடுக்கல்ல உம்மா" என்றாள் நுஸ்லா. "நான்தான் எடுத்தேன்."

ஆஸியா முதலில் போய் ஜன்னலைச் சாத்தினாள். அதன் பிறகுதான் திரும்பினாள்.

"அத இன்னொரு வாட்டி செல்லாத. ஒனக்கு மாப்புள பாக்குற நேரம் இது. வாப்பா மிளகு போடுறது ஸமத் ஹாஜியார்ட ஸ்டோருக்கு. யாரு எடுத்தாண்டு யாரும் கேக்கல்ல. கேக்காதத நீயா போய் செல்லப் போறியா?"

உண்மைதான், யாரும் கேட்கவில்லை. அந்தப் பெண் ஏன் நின்றாள் என்று கேட்கத் தெருவில் நாக்குகள் ஏராளம். அவளை நிற்க வைத்தது யார் என்று கேட்கத்தான் ஒரு நாக்கும் புரளவில்லை. பெண்ணின் முகம் படத்தில் தெரிந்தது அல்லவா, அது போதும் அவர்களுக்கு. படம் பிடித்தவர் முகம் எந்தப் படத்திலும் தெரிவதில்லை.

நுஸ்லா மாத்தளை நகரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் படிக்கிறாள். படிப்பை முடிக்க வேண்டுமானால் சமூக சேவை செய்திருக்க வேண்டும் என்பது அங்கே விதி. நல்ல விதிதான். அந்த வருட மழையில் இரத்தோட்டைப் பக்கம் மலைச்சரிவுகள் இடிந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயங்களில் பல வரிசை வீடுகள் சேதமாகியிருந்தன. உலர் உணவுப் பொதி கொண்டுபோய்க் கொடுப்பது என்று மாணவர்கள் முடிவெடுத்தார்கள். அரிசி, பருப்பு, கோதுமை மா எல்லாவற்றையும் அப்துல் ஸமத் ஹாஜியார் தந்தார். பேனரும் அவரே அடித்துத் தந்தார். ஒவ்வொரு பொதிக்கும் ஒரு படம் வேண்டும், படத்தில் பேனரும் வாங்குகிறவர் முகமும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

ஹாஜியாரைக் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. கொடுத்தவர் அவர். கொடுக்காமலே பெரிய மனிதராக உலவுகிறவர்கள் அந்த ஊரில் வேறு பலர் இருந்தார்கள். ஆனால் மறைவாகக் கொடுக்கும் தர்மத்தின் சிறப்பைப் பற்றி வெள்ளிக்கிழமை ஜும்மாப் பிரசங்கத்தில் ஹஸரத் சொன்னால் முதல் வரிசையில் உட்கார்ந்து உருகித் தலையாட்டுகிறவரும் அவர்தான். பள்ளிவாசலை விட்டு இறங்கினதும் பேனர் அடிக்கக் கொடுத்துவிடுவார்.

இரத்தோட்டையில் தோட்டத்துப் பெண்களை வரிசையாக நிறுத்தினார்கள். அணித் தலைவன் ஷிஃபான் ஓடி ஓடி ஒழுங்கு செய்தான். "அம்மா, பொதிய நெஞ்சுக்கு நேரா புடிங்க. கொஞ்சம் சிரிங்க." சுவர் இடிந்துபோன லயக் காம்பராவின் முன்னால் நின்ற கிருஷ்ணம்மா என்ற பெண், "எதுக்குத் தம்பி சிரிக்கணும்?" என்று கேட்டாள். அவள் பகிடி விடுகிறாள் என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். நுஸ்லாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே போனைத் தூக்கிப் படம் எடுத்தாள். படம் பிடிக்கும் பொறுப்பு அவளுடையது.

சில பொதிகள் மிஞ்சின. "எங்கட தெருவுல ஒரு தாத்தா ஈக்கிறாங்க" என்று சொன்னது நுஸ்லா. இவர்கள் வழக்கில் தாத்தா என்றால் அக்கா, நானா என்றால் அண்ணன். "புருஷன் மவுத்தாகி கைப்புள்ளையோட தனிய ஈக்கிறாங்க. அவங்களுக்கும் குடுப்பமே."

ஹவ்வா யாரிடமும் கேட்டிருக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவளிடம் தையல் மெஷின் இருந்தது. வருடக் கடைசியில் தெருவிலுள்ள எல்லாப் பிள்ளைகளின் சீருடைத் துணியும் அவளிடம்தான் வரும். இனி அந்தத் தையலில்தான் அடுத்த பாதி வருடம் அவள் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். இத்தாவில் இருக்கிற பெண் தைக்கக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. பெண்கள் வந்து துணி கொடுத்துவிட்டுப் போனார்கள், அவள் உள்ளே இருந்து தைத்தாள். மரியாதையாகவே நாட்கள் நகர்ந்துகொண்டிருந்தன. சமூக சேவை வந்து கதவைத் தட்டும்வரை.

நுஸ்லா முதலில் உள்ளே போய்க் கூப்பிட்டாள். "தாத்தா, ஒரு நிமிஷம் வாசலுக்கு வாங்க. பொதி தர வந்தீக்கிறோம்."

"நீ உள்ளுக்கு கொண்டு வந்து வையே புள்ள. நான் இத்தாவுல ஈக்கிறது ஒனக்குத் தெரியாதா?"

நுஸ்லா வெளியே போனாள். ஷிஃபான் கையை விரித்தான். "போட்டோ இல்லாட்டி ஹாஜியார்ட்ட என்னத்த காட்டுறது? முகத்த மூடினா யாருண்டு தெரியாதே."

அந்த இடத்தில் நுஸ்லா எத்தனையோ செய்திருக்கலாம். ஒரு பொதிக்குப் படம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். தானே பொதியைப் பிடித்து நின்றிருக்கலாம். பொதியே வேண்டாம் என்று திரும்பியிருக்கலாம். இவையெல்லாம் பிறகுதான், படுத்தால் தூக்கம் வராத நாட்களில்தான் ஒவ்வொன்றாக அவள் புத்திக்கு வந்தன. அன்றைக்கு அவளுக்குத் தோன்றியது ஒன்றுதான். மாலை வெயில் வாசலில் விழுகிறது, வெள்ளை உடுப்புக்கு வெளிச்சம் நன்றாக இருக்கிறது.

மறுபடி உள்ளே போனாள். "எனக்காக தாத்தா. இதுக்கு மார்க்ஸ் ஈக்குது."

அதற்காகத்தான் ஹவ்வா வந்தாள். பொதிக்காக அல்ல. நுஸ்லாவின் முதல் பள்ளிக்கூட உடுப்பிலிருந்து தைத்துக் கொடுத்தவள் அவள். அந்தப் பிள்ளை மார்க்ஸ் என்று சொன்னதும் மறுக்க முடியவில்லை. முக்காட்டை முகம்வரை இழுத்துப் பிடித்துக்கொண்டு படியில் நின்றாள். அந்த நேரம் பார்த்து உள்ளே குழந்தை வீரிட்டு அழுதது. ஹவ்வா திடுக்கிட்டாள், முக்காடு நழுவியது, நுஸ்லா படத்தை எடுத்தாள்.

நழுவினதற்கு முன்னால் எடுத்த படங்களும் இருந்தன. முகம் மறைந்த படங்கள். நுஸ்லா அவற்றைத் தள்ளிவிட்டு இதைத் தேர்ந்தெடுத்தாள். "இதுலதான் உணர்ச்சி ஈக்குது" என்று ஷிஃபான் பாராட்டினான். அன்று மாலையே படம் பேஸ்புக்கில் ஏறியது. ஏற்றியதும் நுஸ்லாதான். இதயங்கள் விழ விழ அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

துணி வாங்கப் போனவளுக்கு ஹவ்வாவின் வீட்டுக் கதவைத் தட்டக் கை வரவில்லை. திறந்துதான் இருந்தது. ஹவ்வா மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தையல் இல்லை. துணிக் கட்டுகள் அடுக்கியிருந்த மேசையில் இப்போது ஒரே ஒரு கட்டுத்தான் கிடந்தது. தரையில் குழந்தை வெறும் நூல் உருளைகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்தது.

"ஸஹ்ராட துணிக்கா வந்தே?"

நுஸ்லா தலையை ஆட்டினாள்.

ஹவ்வா கட்டை எடுத்து நீட்டினாள். "வெட்டல்ல. சோக்கால கோடு மட்டும்தான் போட்டீக்கிறேன். கழுவினா போய்டும் எண்டு உம்மாட்ட செல்லு." பிறகு கொஞ்சம் தயங்கினாள். "அந்தப் போட்டோ ஒண்ட போன்ல ஈக்குதா? எல்லாரும் பாத்தாங்களாம். நான்தான் பாக்கல்ல. எண்ட போன்ல அதெல்லாம் வராது."

நுஸ்லா போனை எடுத்துக் காட்டினாள். ஹவ்வா அதை வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பி, நெடுநேரம் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நுஸ்லா காத்திருந்தாள். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மெலிஞ்சி போய்ட்டேன்" என்றாள் ஹவ்வா. "இது புள்ள அழுத நேரம் போல." போனைத் திருப்பிக் கொடுத்தாள். "காலைல றிஸ்வான்ட நானா வந்திட்டுப் போனாரு. வீட்ட விட்டுட்டு அக்குறணைக்கு அவங்கட வீட்டுக்கு வரட்டாம். மானம் மிஞ்சுமாம். அவங்கட குசினியில சமைக்க ஒரு ஆள் இல்லாம இவ்வளவு நாள் கஷ்டப்பட்டாங்க. பள்ளிக்கூடம் தொறக்கிறதுக்குள்ள தையல் வராட்டி நான் போய்த்தான் ஆகணும். மெஷின அங்க கொண்டு போக ஏலாதாம், வைக்க எடமில்லையாம்."

மன்னிப்புக் கேட்க நுஸ்லா வாயைத் திறந்தாள். "நான் வாரேன் தாத்தா" என்றுதான் வந்தது. துணியைத் தன் அபாயாவுக்குள் மறைத்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். திருட்டுப் பொருளைக்கூட அத்தனை கவனமாக யாரும் மறைத்திருக்க மாட்டார்கள்.

விழா நாள் வந்தது. மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் பிரதம விருந்தினர் அப்துல் ஸமத் ஹாஜியார், வெள்ளை ஜுப்பாவும் அத்தர் வாசமுமாக உட்கார்ந்திருந்தார். நுஸ்லாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடையில் ஏறி ஒலிவாங்கியைப் பிடித்துத் திரும்பிப் பார்த்தாள். பின்சுவர் நிறைய, புரொஜெக்டர் வெளிச்சத்தில், ஹவ்வா நின்றாள். சுவர் உயரத்துக்கு முகம். சுவர் உயரத்துக்குக் கலங்கிய கண்.

மனப்பாடம் செய்த பேச்சு மறந்துபோனது. மறக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"இந்தப் படத்தை எடுத்தது நான்" என்று தொடங்கினாள். "இதில் இருக்கிறவங்க இத்தாவில் இருந்தாங்க. வெளியே வர மாட்டேன் என்று சொன்னாங்க. நான்தான் கெஞ்சி வரவழைத்தேன். எனக்கு மார்க்ஸ் வேண்டும் என்றுதான் வந்தாங்க. இந்தப் படத்தால் இப்போ அவங்களுக்குத் தையல் வேலை இல்லை. ஊரிலே அவங்களைத்தான் ஏசுறாங்க. ஏச வேண்டியது என்னை. அப்புறம், முகம் தெரிந்தால்தான் பொதி என்று சொன்ன..."

முன்வரிசையைப் பார்த்தாள். ஹாஜியார் புன்னகையோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வாப்பாவின் மிளகு மூட்டைகள் ஞாபகம் வந்தன. தொண்டைவரை வந்த பெயர் திரும்பி உள்ளே போனது.

"...நாங்கள் எல்லோரும் யோசிக்க வேண்டும்" என்று முடித்தாள்.

பிறகு மண்டபம் அதிரக் கைதட்டல். விரிவுரையாளர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஷிஃபான் எழுந்து நின்று தட்டினான். ஹாஜியார் மேடைக்கு வந்து, "செய்த பிழையை ஒப்புக்கொள்கிற மனப்பக்குவம்தான் சமூக சேவை தருகிற மிகப் பெரிய வளர்ச்சி. இந்த மகளைப் பாருங்கள்" என்று பேசினார். "அந்தச் சகோதரிக்காகவும் நாம் அல்லாஹ்விடம் துஆச் செய்வோம்" என்று சேர்த்துக்கொண்டார். சிறந்த தொண்டருக்கான கேடயத்தை அவர் கையாலேயே நுஸ்லாவுக்குக் கொடுத்தார். படம் எடுத்தார்கள். பின்னால் ஹவ்வா அப்படியே நின்றுகொண்டிருந்தாள். அவளை அணைக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

பஸ்ஸில் வரும்போது நுஸ்லாவுக்கு நெஞ்சு கொஞ்சம் லேசாக இருந்தது. சொல்லிவிட்டோம், எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள். அலுவிகாரையில் இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல், கேடயம் கிடந்த பையோடு நேரே ஹவ்வாவிடம் போனாள்.

ஹவ்வா குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"தாத்தா, நான் எல்லாத்தையும் செல்லிட்டேன். அவ்வளவு பேர்ட முன்னுக்கும். பிழை செஞ்சது நான்தான்டு செல்லிட்டேன்."

ஹவ்வா ஊட்டின கை நின்றது. "நீ பேசக்குள்ள எண்ட போட்டோ எங்க இருந்திச்சி?"

நுஸ்லா விழித்தாள்.

"செல்லு புள்ள."

"பின்னுக்கு."

"பெருசாவா?"

"செவுரு அளவு."

ஹவ்வா குழந்தையின் வாயைத் துடைத்தாள். தட்டில் மிஞ்சியிருந்த சோற்றை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். நுஸ்லாவின் நெஞ்சில் வந்திருந்த லேசு எங்கே போனதென்று தெரியவில்லை. அவள் பேசப் பேச, நானூறு ஐந்நூறு கண்கள் ஹவ்வாவை மறுபடியும் பார்த்திருக்கின்றன. அந்த மண்டபத்தில் அவள் தன் பாரத்தைத்தான் இறக்கினாள். இறக்கி வைத்ததும் அதே பெண்ணின் தலையில்தான்.

"மன்னிச்சிக்கங்க தாத்தா" என்றாள். இப்போதுதான் அந்தச் சொல் வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

"மன்னிக்கிற விசயத்த இத்தா முடிஞ்சி பாப்பம்" என்றாள் ஹவ்வா. குரல் கடுமையாக இல்லை, களைத்திருந்தது. "இப்ப எனக்கு தையல் வேணும். ஹஸரத்ட பொஞ்சாதி வந்து செல்லிட்டுப் போனாங்க, செலவுக்குத் தர ஆளில்லாத பொம்புள தேவைக்குப் பகல்ல வெளிய போறது கூடும்டு. மார்க்கத்துல எடம் ஈக்குது, தெருவுலதான் இல்ல. நீ பேசினது ஆருட்ட? அந்த மண்டபத்துல ஈக்கிறவங்க எனக்கு துணி தாரவங்களா?"

"இல்ல."

"தாரவங்க இந்தத் தெருவுல ஈக்கிறாங்க. நாச்சியா மாமி ஈக்கிறாங்க. ஒங்கட உம்மா ஈக்கிறாங்க. அவங்கள்ட்ட செல்லினியா?"

பஸ் ஏறிப் போகிற தூரத்து மண்டபத்தில் வீராங்கனையாக நிற்பது லேசு. தன் வீட்டுக் குசினியில் நிற்பது அப்படியல்ல, அங்கே கேடயம் தர யாரும் வரமாட்டார்கள்.

நுஸ்லா வீட்டுக்கு வந்தாள். உம்மாவின் அலுமாரியைத் திறந்து, ஸஹ்ராவின் துணிக் கட்டை எடுத்தாள். டவுன் தையல்காரனிடம் கொடுக்க ஆஸியா அதைக் கழுவி, காயவைத்து, மடித்து வைத்திருந்தாள். சோக்குக் கோடு போயே போய்விட்டது.

"அத எங்க கொண்டு போற?" ஆஸியா வாசலை மறித்தாள்.

"ஹவ்வா தாத்தாட்ட. கோடு போய்ட்டுது, திரும்பவும் அளவெடுக்கணும். ஸஹ்ராவும் வரணும்."

"ஒனக்குப் பைத்தியமா? நாச்சியா மாமி வீட்டத் தாண்டித்தான் போகணும். கேட்டா என்ன செல்லுவே?"

"போட்டோ எடுத்தது நான்தான்டு செல்லுவேன். கேக்காட்டியும் செல்லுவேன்."

"வாப்பாட யாவாரம்? ஒனக்கு வார மாப்புள?"

"உம்மா," என்றாள் நுஸ்லா. "நாளைக்கு வாப்பாவுக்கு ஒண்டு ஆனா நீங்களும் இத்தா இருக்கணும். அப்ப ஒங்கட வாசலுக்கு யாராவது பேனரோட வந்தா?"

ஆஸியாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அறைய ஓங்கின கை பாதியில் நின்றது. "நாக்குல தேள் கொட்ட" என்று முணுமுணுத்துக்கொண்டு, "அல்லாஹ் காப்பாத்தணும்" என்று தன் கணவனுக்காக வாய்க்குள்ளே சொல்லிக்கொண்டாள். வாசலை விட்டு நகரவும் இல்லை, சரி என்று சொல்லவும் இல்லை. நுஸ்லா தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு உம்மாவின் தோளை உரசி வெளியே வந்தாள். பின்னாலிருந்து கூப்பிடும் குரல் வரவில்லை என்பதை நாலு அடி நடந்த பிறகுதான் கவனித்தாள்.

பத்து வயது ஸஹ்ராவுக்கு எல்லாம் விளையாட்டு. "ஏன் ஒளிச்சி கொண்டு போகல்ல?" என்று கேட்டாள். அன்றைக்குத் துணி அபாயாவுக்குள் வந்ததை அவள் பார்த்திருக்கிறாள். நுஸ்லா துணியைத் திறந்த கையில் வைத்து நடந்தாள். வெள்ளைத் துணி, தெரு முழுக்கத் தெரியும்.

ஹாஜியார் வீட்டுக் கேற்றில் அவர் மனைவி நாச்சியா நின்றிருந்தாள். விழாப் படம் அதற்குள் அவள் போனுக்கு வந்துவிட்டது. முகமெல்லாம் சிரிப்பு. "மாஷா அல்லாஹ், கேடயம் எடுத்தியாம் மகள்! ஹாஜியார் போன்ல செல்லினாங்க. எங்க, துணியோட?"

"ஸஹ்ராக்கு யூனிபோம் தைக்க, மாமி. ஹவ்வா தாத்தாட்ட."

சிரிப்புக் கொஞ்சம் இறங்கியது. "அங்கயா? அந்தப் பொம்புள போட்டோவுக்கு நிண்ட கூத்து ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும் மாமி. எடுத்தது நான்தான். அவங்க வர மாட்டேண்டுதான் செல்லினாங்க." நுஸ்லா மூச்சை இழுத்துக்கொண்டாள். மண்டபத்தில் விழுங்கின சொல் இன்னும் தொண்டையிலேயே கிடந்தது. "பேனரோட முகமும் தெரியணும்டு கேட்டது ஹாஜியார்."

நாச்சியா அவளை ஒரு தினுசாகப் பார்த்தாள். கேற்றைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள். எதிர்வீட்டுத் திரை விலகி மூடியது. இனி என்ன ஆகுமோ என்று நுஸ்லா பயப்படத்தான் செய்தாள். வாப்பா ராத்திரி வந்து என்ன சொல்வாரோ, ஹாஜியாரின் ஸ்டோரில் நாளைக்கு மிளகு எடுப்பார்களோ மாட்டார்களோ. அதற்காக நடையை நிறுத்தவில்லை.

ஹவ்வா துணியைப் பார்த்தாள், ஸஹ்ராவைப் பார்த்தாள். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. கழுத்தில் அளவு நாடாவைப் போட்டுக்கொண்டாள். "நேரா நில்லு புள்ள. போன வருசத்துக்கு வளந்தீக்கிறே."

தெருவில் இரண்டு மூன்று பெண்கள் நின்று பார்ப்பது உள்ளிருந்து தெரிந்தது. நுஸ்லா அவசரமாகப் போய்க் கதவைச் சாத்தப் பார்த்தாள்.

"மூடாத" என்றாள் ஹவ்வா. "கோடு போட வெளிச்சம் வேணும். பாக்குறவங்க பாக்கட்டும். அண்டைக்கு நான் ஒங்களுக்காக நிண்டேன், இண்டைக்கு எனக்காக நிக்கிறேன்."

நுஸ்லாவின் பையில் போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. விழாப் படத்துக்கு இதயங்கள் வந்து குவிந்துகொண்டிருந்தன. மேசையில் இருந்தது ஒரே ஒரு பிள்ளையின் துணி. ஹவ்வா சோக்கை எடுத்து, கழுவிப்போன கோட்டை மறுபடி முதலிலிருந்து போடத் தொடங்கினாள். அதை யாரும் படம் எடுக்கவில்லை.